சீசா நைனாவின் கண் ஒத்திகை

எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் நோய் வந்து அழுதவர்கள் எத்தனையோ பேர். நோய் வரவில்லையே என்று அழுதவர் ஒரே ஒருவர்தான். அவர் சீசா நைனா.

சென்னையில் என் கணவர் வேலை செய்யும் பஞ்சாலையில்தான் அவருக்கும் வேலை. என் கணவர் மாதம் ஒருமுறை ஊருக்கு வந்தால், நைனா வாரம் தவறாமல் வந்துவிடுவார். எங்கள் எதிர்வீடு. அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். கையில் எப்போதும் ஒரு சீசா இருந்ததால் அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

சீசா எதற்கு? ஆலையில் சம்பளம் போடும்போதே இன்சூரன்ஸுக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். மருந்துத் தண்ணீருக்குச் சீசா மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். நைனாவுக்கோ தும்மல்கூட வராத தேகம். "ஊர்ல கீற நோவுக்கெல்லாம் நான் பணம் அழுதுகினு கீறேன். எனக்கு ஒரு ஜொரம் வரக்கூடாதா?" என்று பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு புலம்புவார்.

வராத நோயை வரவழைத்துக்கொள்வதென்று கடைசியில் முடிவு கட்டினார். ஒரு வாரம் வயிற்றுவலி, ஒரு வாரம் முதுகுப் பிடிப்பு. கிடைத்த சிவப்புத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்து பீர்க்கங்கொடிக்கு ஊற்றினார். கொடி காய்க்கவில்லை, வாடவும் இல்லை. "பாத்தியா, மருந்து வேலை செய்யுது" என்றார்.

குடும்பத்தாருக்கும் வைத்தியம் உண்டு என்று விதி வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆலைக்காரர் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் நோய் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஆனார். மாகறலிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்கப் பழக்கினார். அவள் வாங்கிய மூச்சில் டாக்டரே பயந்துபோய்ப் படுக்கையில் போட்டுவிட்டார். திரும்பி வந்தவள் தெருவில் நின்று கத்தினாள்: "யோவ் சீசா! சோறே கண்ணுல காட்டலய்யா! ரொட்டியும் பாலும் குடுத்தே என்னைக் கொன்னுட்டானுங்க!"

"அவ்ளோ ஜோரா உன்ன யாரு மூச்சு வாங்கச் சொன்னாங்க?" என்றார் நைனா, வருத்தமே இல்லாமல்.

இப்படிப்பட்டவரிடம் நானும் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் குழந்தைகளுக்குக் கண்ணைச் சோதித்துவிட வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். என் வசந்திக்கு வயது ஐந்து. கண்ணில் வலி இல்லை, நீர் வடியவில்லை. ஆனாலும் படித்தது மனத்தை விட்டுப் போகவில்லை. என் கணவரிடம் சொன்னால், "நோய் இல்லாமல் சும்மா பார்க்க அங்கே இடமில்லை" என்றார். இது வீண் கவலையா, தாய் செய்ய வேண்டிய கடமையா என்று எனக்கே தெரியவில்லை. நைனாவிடம் கேட்டேன்.

"சும்மா பாருன்னா பாக்க மாட்டான்மா. நோவு சொல்லணும். கண்ணுல வெங்காயத்த லைட்டா தேச்சுட்டா..."

"ஐயோ, வேண்டாம் நைனா!"

"அப்ப கண்ணு தெரியலன்னு சொல்லட்டும். உள்ள பூந்து பாக்க எந்த டாக்டராலயும் முடியாது."

வசந்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு நீதானம்மா சொன்னே?"

நைனா முந்திக்கொண்டார். "ஆஸ்பத்திரில சொன்னா குத்தாதும்மா. அங்கதான் டாக்டர் கீறாரே."

முருங்கை மரத்தடியில் ஒரு கூடையைக் கவிழ்த்து அவளை உட்கார வைத்தார். வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, மறு கையை நீட்டினார். "எத்தினி வெரல் கீது? தெரியலன்னு சொல்லணும்."

"தெரியல."

"பலே! இன்னா நடிப்பு பாத்தியாம்மா! சரி, இப்போ நெசத்த சொல்லு. எத்தினி?"

"தெரியல."

"அட, போதும்மா. ஒத்திகை முடிஞ்சுது. சொல்லு."

"தெரியல, நைனா."

நைனா சிரித்தார். மடியிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து, கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே, அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். கமர்கட் என்றால் கிணற்றிலும் குதிக்கிற பெண். அவள் கை அசையவில்லை. கமர்கட்டைச் சற்று ஆட்டினார். அப்போதும் அசையவில்லை. அவர் சிரிப்பு நின்றது. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். "ஐ, கமர்கட்!" என்று வசந்தி பிடுங்கிக்கொண்டாள்.

கமர்கட்டை வாயில் அடக்கிக்கொண்டு கேட்டாள். "நான் பொய்யே சொல்லலியேம்மா. சாமி ஏன் குத்திச்சி?"

மறுநாள் விடியற்காலையில் முதல் பஸ்ஸில் நானும் வசந்தியும் நைனாவும் சென்னைக்குப் போனோம். என் கணவருக்குக் காலை ஷிப்டு. இன்சூரன்ஸ் அட்டையை ஆலை வாசலில் என்னிடம் தந்துவிட்டு உள்ளே ஓடினார். வழியெல்லாம் ஒரு கையை வசந்தியின் கண்ணில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் குமாஸ்தா நைனாவைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வாய்யா சீசா. இந்த வாரம் குழந்தையையும் டிராமாவுல சேத்துட்டியா?"

"இல்ல சார். நெசமாவே கண்ணு தெரியல சார்."

"நீ என்னிக்கிய்யா பொய்யின்னு சொல்லியிருக்கே? நகரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீயும் இவர்கிட்ட படிச்சவதானேம்மா?" என்றார் குமாஸ்தா. மெய்யாகவே அவரிடம் படித்தவள்தான் நான்.

தலைச்சுற்றல் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டே வசனம் பேசக்கூடிய நைனா அன்று சுவரைத் தொடவில்லை. கையிலிருந்த சீசாவை ஜன்னல் கட்டையில் வைத்தார். "இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன் சார். செத்தாலும் சீட்டு கேக்க மாட்டேன். இந்தப் புள்ளைய மட்டும் பாக்கச் சொல்லு சார்."

குமாஸ்தா சீசாவை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சீட்டை எழுதினார். இரக்கத்தாலா, இனி நைனா வரமாட்டார் என்ற சந்தோஷத்தாலா, எனக்குத் தெரியாது.

அங்கிருந்து கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்தார், மருந்து விட்டுப் பார்த்தார். இடது கண்ணில் பார்வை மங்கல். நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்துவிட்டதால் இது சோம்பிப் போய்விட்டது. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் கை வைத்துப் பயனில்லை என்றார். கண்ணாடி போட வேண்டும். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணைக் கட்டிவைத்து மங்கல் கண்ணை வேலை வாங்க வேண்டும். "வலியில்லை, ஒன்றுமில்லை. எப்படியம்மா கண்டுபிடித்தீர்கள்?" என்று வேறு கேட்டார்.

வசந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கட்டு மட்டும் அவளுக்கு ஆகவில்லை. தெருப் பிள்ளைகள் "ஒத்தக்கண்ணு" என்று கத்தியதும் பிய்த்து எறிந்தாள். கெஞ்சினேன், அடித்தேன், அடித்ததற்கு அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா வந்தார். வலது கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

"என்ன நைனா இது?"

"எனக்கும் கட்டச் சொல்லிக்கிறாங்கம்மா. பெரிய பேஜார்" என்றபடி படலில் முட்டிக்கொண்டார். திரும்பியதும் மாட்டு வண்டியின் நுகத்தடியில் இடித்துக்கொண்டார். வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "எவனாச்சும் ஒத்தக்கண்ணுன்னு சொல்லட்டும், ரெண்டு பேருமா சேந்து ஒதைக்கலாம். வரியா, கடைத்தெரு வரைக்கும்?" என்றார் அவளிடம்.

அவளே கட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். கட்டிவிட்டேன். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "பள்ளம் நைனா, பாத்து" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வராத நோய்க்குக் கட்டிய கட்டை அவிழ்த்துவிடுங்கள், விழுந்துவிடப் போகிறீர்கள் என்று சொல்லத் தெருமுனை வரை பின்னாலேயே போனேன். சொல்லவில்லை. கூப்பிடாமல் நின்றது சரியா என்று இன்றும் தெரியவில்லை. அன்று முதல் நான் கவலைப்படுகிற பிள்ளைகள் இரண்டு.