கயிற்றை அறுத்தவன் யார் என்று சொல்லாதே!

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் தலைபோகிற காரியம் வந்தாலும் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்தார்.

வெளியூரில் படிக்கப் போன மகள் விட்டுவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டிதான் காரணம். தூசி தட்டலாமே என்று எடுத்தார். கூடவே கிடந்த விளையாட்டுக் குறுந்தகட்டின் மேல் ‘மும்மதித் தீவு’ என்று போட்டிருந்தது. கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

அவருக்கு வயது ஐம்பதைத் தொடப்போகிறது. ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்த நிமிஷத்தில் அவர் அரை டவுசரோடு மாடிவீட்டு டீச்சர் வீட்டுத் தரையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தெருவுக்கே அந்த ஒரு வீட்டில்தான் டிவி. அதில் வாராவாரம் அதே பெயரில் ஒரு தொடர்: மூன்று நிலாக்கள் காயும் தீவு, ஒற்றைக்கண் தளபதி, யாருக்கும் முகம் கொடுக்காத மந்திரி. படம் ஆடினால் அண்ணன் மொட்டைமாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவான். “தெரியுதாடா?” “தெரியுது, தெரியுது!” அவன் இறங்கி வருவதற்குள் சண்டை முடிந்துவிடும். அப்புறம் முழுச் சண்டையையும் தம்பிதான் நடித்துக் காட்டவேண்டும். தளபதி, எதிரி, குதிரை எல்லாம் ஒரே ஆள்.

கடைசியாகப் பார்த்தது பாலத்துச் சண்டை. தளபதி தொங்குபாலத்தின் நடுவில் நிற்கிறார். பின்னால் ஒரு கை கயிற்றை அறுக்கிறது. கை மட்டும்தான் தெரிகிறது. ‘தொடரும்.’ தொடரவில்லை. அடுத்த வாரம் அந்த நேரத்தில் ஓர் அம்மாள் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்தார். அறுத்தது மந்திரி என்பான் அண்ணன். சமையல்காரன் என்பார் இவர். அண்ணன் இன்று கடல்தாண்டி இருக்கிறான். இன்னமும் போனை வைக்கும்போது, “மந்திரிதான்டா” என்றுதான் வைப்பான்.

லிஃப்ட்காரர் விசாரித்தார். கதை முதலில் புத்தகமாகத்தான் வந்ததாம், தலையணைக் கனத்தில் ஆறு பாகம். பழைய புத்தகக்கடையில் அத்தனையையும் வாங்கி அலமாரியில் அடுக்கினார். முதலில் விளையாட்டு, பிறகு புத்தகம். வரிசை மாறக்கூடாது என்பது அவர் சட்டம்.

“மூணு மதியா? இந்த வீட்டுல ஒண்ணையே காணோமேனு தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள் மனைவி. மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே சரளமாகப் படிக்கிறவள். அச்சடித்த புத்தகம் அவளுக்கு எம்மாத்திரம்? முதல் பாகம் அன்றே அலமாரியிலிருந்து இறங்கியது.

முதல் வாரம் முழுக்கத் தளபதி கிணற்றில் விழுந்துகொண்டே இருந்தார். எந்தப் பட்டனை அமுக்கினாலும் கிணறு. ஒருவழியாக ஏற்றிவிட்டால் எதிரே வானத்தை முட்டும் கோபுரம். இவ்வளவு உயரம் கட்டியவன் ஒரு லிஃப்ட் வைத்திருக்கக்கூடாதா என்று நொந்துகொண்டே ஏறிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, தண்ணித்தொட்டியைக் கழுவணுமே.”

“தளபதி பாதிப் படியில நிக்கிறார். இப்ப விட்டா போச்சு.”

“ஏறி என்ன பிரயோஜனம்? கடைசியில அந்தக் கயிறை அறுத்தவன் யாருன்னா...”

“ஐயோ, சொல்லாதே!”

“தொட்டி?”

தொட்டி பளபளத்தது.

அன்றோடு தொடங்கியது வினை. “ஆறாவது பாகத்துல ஒரு இடம் வருது பாருங்க” என்பாள். ஜன்னல்களுக்குத் திரை ஏறியது. “பாவம் அந்தத் தளபதி” என்று பெருமூச்சு விடுவாள். பரண் காலியானது. மச்சினி வீடு மாறியபோது பீரோவைத் தோளில் சுமந்து மாடி ஏறினார் லிஃப்ட்காரர். அங்கே லிஃப்ட் ரிப்பேர்.

அண்ணனிடம் போனில் அழாத குறையாகச் சொன்னார்.

“கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பாத்துடேன்டா. அப்புறம் அவங்க எதை வச்சு மிரட்டுவாங்க?”

“இத்தனை வருஷம் பொத்திவச்சதை அப்படியாண்ணே பாக்கறது?”

ஆனால் அடுத்த வாரமே, “எங்க சித்தப்பா வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். ஆள் கிடைக்கலையாம்” என்றாள் மனைவி. மாமனாரின் தம்பி வீடு. இரண்டு மாடி. லிஃப்ட்காரரின் பொறுமை அறுந்தது.

மறுநாள் வேலைக்குப் போன கட்டடத்தில், மொட்டைமாடி மோட்டார் அறையில், கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்து ஆறாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார். மந்திரி இல்லை. சமையல்காரனும் இல்லை. யாரென்று தெரிந்துவிட்டது. பத்து வரிகூட இல்லை, அவ்வளவுதான் விஷயம். மூடியபோது, டீச்சர் வீட்டில் யாரோ டிவியை அணைத்துவிட்டு, ‘வீட்டுக்குப் போங்கடா’ என்று சொன்னதுபோல் இருந்தது. துக்கத்தை விழுங்கிக்கொண்டு வீரமாக வீடு திரும்பினார்.

“இப்ப சொல்லு பாக்கலாம்! கயிறை அறுத்தது யாரு? சொல்லேன்! எனக்குத் தெரியும். வெள்ளையும் அடிக்க மாட்டேன், ஒண்ணும் அடிக்க மாட்டேன்!”

அவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். “எனக்கெப்படிங்க தெரியும்? நான் ரெண்டாம் பாகத்துலதானே இருக்கேன்.”

“ஆறாவது பாகத்துல ஒரு இடம் வருதுன்னியே?”

“ஆறாவது பாகம்னா ஒரு இடங்கூடவா வராம இருக்கும்?”

லிஃப்ட்காரர் சோபாவில் சரிந்தார்.

“நானும் பாத்தவதாங்க” என்றாள், குரல் இறங்கி. “பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுதான் பாப்பேன். எக்கி எக்கிக் கால் வலிக்கும். பாலத்தோட நிறுத்திட்டாங்க. அழுதுட்டேன். அதான் இப்ப ஆற அமரப் படிக்கிறேன், நாளுக்கு ஒரு அத்தியாயம். நீங்க விளையாடி முடிச்சதும் சேர்ந்தே முடிவைப் பாக்கலாம்னு இருந்தேன். நிஜமாவே பாத்துட்டீங்களா?”

தலையை ஆட்டினார். அவளும் அந்தத் தீவில்தான் வளர்ந்திருக்கிறாள். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று அவருக்குக் கண் கலங்கியது.

“யாருன்னு நினைக்கிறே?” என்றார் ஆசையாக.

“மந்திரி?” என்று கேட்டு அவர் முகத்தையே பார்த்தாள். “ஓ, மந்திரி இல்லையா!”

“நான் ஒண்ணுமே சொல்லலியே!”

“உங்க மூஞ்சியே சொல்லுதே. இந்த மூஞ்சியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படிங்க படிக்கிறது? பேசாம நான் முடிக்கிறவரைக்கும் சாயங்காலம் சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போயிடுங்க. சும்மா இருக்காம அப்படியே வெள்ளையும் அடிச்சுடுங்க.”