பேசியே ஓட வைப்பவர்

கல்லூரி மைதானங்களில் ஓர் இனம் உலவுகிறது. கழுத்தில் விசில், தலையில் தொப்பி, தொப்பியின் மேல் கறுப்புக் கண்ணாடி, வாய் நிறையப் பேச்சு. பிள்ளைகள் இதைக் கோச் சார் என்று அழைப்பார்கள். ஒழுங்காகப் பயிற்சி தருகிற கோச்சுகளும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் வருவார்கள், ஓட வைப்பார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்வது அந்த இன்னொருவரை. பேசியே ஓட வைத்துவிடலாம் என்று நம்புகிறவரை.

பார்த்திருப்பீர்கள். வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை விசில் ஊதி நிறுத்தி, வட்டமாக உட்கார வைத்து, சூடேறிய உடம்பெல்லாம் சில்லிட்டுப் போகும்வரை 'உள்ளே எரிய வேண்டிய நெருப்பு' பற்றி விளக்குவார். முழங்கால் வலிக்கிறது என்று யாராவது நொண்டிக்கொண்டு வந்தால், "வலி கால்ல இல்லப்பா, இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். அவருடைய கால் விரல் நாற்காலியில் இடித்துக்கொண்டால் மட்டும் வலி விரலிலேயே தங்கிவிடும். ஐஸ் வரும். ஸ்டூல் வரும். அன்றைய பயிற்சி ரத்தாகும்.

கொள்கை உண்டா? ஏராளம். எந்தப் பயிலரங்குக்குப் போய்வந்தாரோ அந்தக் கொள்கை. போன மாதம் அதட்டல்: "ஆமை நடக்கற வேகத்துக்கு எதுக்கு உங்களுக்கு ஷூ?" இந்த மாதம் அரவணைப்பு: "என்னைக் கோச்சா பாக்காதீங்க, அண்ணனா பாருங்க." ஒருத்தன் அண்ணனாகவே பார்த்துத் தோளில் கை போட்டான். மறுநாளே அதட்டல் திரும்பிவிட்டது.

ஜெயித்தால் அவர் பேச்சு வேலை செய்தது. தோற்றால் பிள்ளைகள் அதை உள்வாங்கவில்லை. கால்களுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது.

போன பருவத்துப் போட்டி ஒன்றைக் கேளுங்கள். பெண்கள் தொடர் ஓட்டம். கடைசியாகப் பேட்டன் வாங்கி ஓட வேண்டியவளுக்குச் சுண்டெலி என்று பெயர். அத்தனை சின்ன உடம்பு, அத்தனை வேகம். படிப்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். பல்கலைக்கழக அணிக்கு அன்றைய ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் அக்கா வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கோச்சுக்கு ஒரு சடங்கு உண்டு. ஓட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையின் கதவைச் சாத்தி, எல்லார் போனையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு பேசுவார். முடிவில் எல்லாரும் கைமேல் கை வைத்து ஒரு கூச்சல் போட வேண்டும். அதற்கு முன் யாரும் எழக்கூடாது. எழுந்தால் என்ன ஆகும்? யார் ஓடுவது, யார் உட்காருவது என்று எழுதுகிற பேனா அவர் பையில்தானே இருக்கிறது.

அன்றைய தலைப்பு, ஒரு நொடியின் மதிப்பு.

பேச்சு சூடு பிடித்தபோது வெளியே ஒலிபெருக்கி கூப்பிட்டது. மூன்று முறை கூப்பிடுவார்கள். அதற்குள் மைதான வாசலில் இருக்கும் மேஜைக்குப் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால், காற்றையே முந்துகிறவளாக இருந்தாலும் ஓட முடியாது.

"சார், நம்மளத்தான் கூப்பிடுறாங்க," என்றாள் சுண்டெலி.

"கூப்பிடட்டும்மா. வெளிச் சத்தத்த உள்ள விடாதவங்கதான் ஜெயிப்பாங்க. எங்க விட்டேன்?"

"நொடியில சார்," என்றாள் முதலில் ஓட வேண்டியவள்.

"ஆங். ஒரே ஒரு நொடி..."

இரண்டாவது அழைப்பு வந்தது. சுண்டெலி பாதி எழுந்தாள்.

"பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் பதட்டம். உக்காரு. பதட்டத்த எப்படி ஜெயிக்கறதுன்னு சொல்றேன்."

அது புதுத் தலைப்பு. அதிலிருந்து கிளை பிரிந்து, "என் முழங்கால் மட்டும் அன்னிக்குப் போகாம இருந்திருந்தா" என்ற இடத்துக்கு வந்து, அவர் குரல் தழுதழுத்தபோது மூன்றாவது அழைப்பும் வந்து போனது. அவருக்குக் கேட்கவில்லை. மற்ற எல்லாருக்கும் கேட்டது.

கைமேல் கை வைத்தார்கள். கூச்சல் போட்டார்கள். பிறகு ஓடினார்கள், அந்தப் பருவத்திலேயே அதிக வேகத்தில், மேஜையை நோக்கி.

மேஜையில் இருந்த அம்மாள் பெயர்த் தாளை மடித்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுது சார்."

"மேடம், முடியும்னு நெனைச்சா முடியும். எல்லாம் மனசுலதான் இருக்கு."

"எனக்கு ரூல்லதான் இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஓடுறவங்க வரணும்."

துப்பாக்கி வெடித்தது. ஒரு தடம் காலியாகக் கிடந்தது. பார்வையாளர் வரிசையில் அக்கா எழுந்து நின்று, ஓடுகிறவர்களில் தங்கையைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெண் கோட்டைத் தாண்டிய பிறகும் தேடினாள்.

சுண்டெலி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"இரும்மா, போயிடாத," என்றார் கோச். "தோல்விய எப்படி எடுத்துக்கணும்னு ரெண்டு வார்த்த சொல்லிடறேன்."

"நாங்க எங்க சார் தோத்தோம்? ஓடவே இல்லயே."

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா இருந்த பக்கம் நடந்தாள். அவர் மற்றவர்களிடம் திரும்பினார். "வாயப் பாருங்க. இந்த மனப்பான்மை இருக்கறவரைக்கும் எப்படி ஜெயிக்கறது? உக்காருங்க எல்லாரும்."

உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அடுத்த வருடமும் ஓட வேண்டுமே.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் கழுத்தில் விசில் இல்லை என்ற நிம்மதி. சரி, போன வாரம் உங்கள் மகள் பரீட்சைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, "ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேட்டுட்டுப் போ" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தியது யார்? பொறுமையாகத் தலையாட்டினாள் என்கிறீர்களா? அடுத்த முறை அவள் கண்ணையும் பாருங்கள். உங்கள் தோளுக்கு மேலே, பஸ் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.