ஒரிஜினலைக் கொண்டுவரவும்

வெள்ளிக்கிழமை காலை, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆனந்தராஜா தன் கடைசி மின்னஞ்சலைச் சொன்னார். அதுதான் கடைசி என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"எழுது செல்வி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கட வீட்டுக்கு வரவும். பட்டச் சான்றிதழின் ஒரிஜினலைக் கொண்டுவரவும். போட்டோகொப்பி ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது."

தங்கை செல்வநாயகி ஆங்கிலத்தில் தட்டினாள்: 'ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வருவீர்களா? அண்ணன் உங்களைக் காண ஆவலாக இருக்கிறார். மீன் சாப்பிடுவீர்கள்தானே?'

"எழுதிட்டியோ?"

"ஓம் அண்ணை."

"போட்டோகொப்பி எண்டதுக்குக் கீழ கோடு போட்டியோ?"

"ரெண்டு கோடு."

திருப்தியோடு குடையை எடுத்துக்கொண்டு பேப்பர் வாங்கக் கிளம்பினார். ஆயர் ஈத்தாம் சந்தை ஐந்து நிமிட நடை. அவர் பேப்பர் வாங்கித் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் செல்வநாயகி டவுனில் இருக்கும் தன் அலுவலகத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

இந்த வம்பு தொடங்கியது அந்த வருடம், தொண்ணூற்றெட்டில், சீனப் பெருநாள் கழிந்த சமயம். ஆனந்தராஜா பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கணித ஆசிரியர்கள் கூடிப் பேசும் ஒரு மின்னஞ்சல் குழுவில் அவரும் சேர்ந்திருந்தார். கண்ணில் புரை எடுத்தபிறகு, ஒரு மாதத்துக்குத் திரையைப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். அந்த ஒரு மாதம் முடியவே இல்லை. அவர் சொல்வார், செல்வநாயகி தட்டுவாள். பதில் வந்தால் வாசித்துக் காட்டுவாள்.

அந்தக் குழுவுக்குள்தான் ஒருநாள் வயல்கள் சூழ்ந்த கெப்பாலா பத்தாஸிலிருந்து 'டாக்டர் கதிர்காமநாதன், பிஎச்.டி.' என்று ஒருவர் நுழைந்தார். பின்னத்தை வகுக்க, திருப்பிப் போட்டுப் பெருக்கச் சொல்லிக்கொடுப்பது குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம், காகிதத்தை மடித்துக் காட்டுங்கள் என்று எழுதினார்.

வாழ்நாள் முழுக்கத் திருப்பிப் போட்டுப் பெருக்க வைத்தவர் ஆனந்தராஜா.

"பிஎச்.டி. எடுத்தவன் கெப்பாலா பத்தாஸில இருந்து என்ன செய்யிறான், நெல்லு விதைக்கிறானோ? கள்ளன்! எந்த யுனிவர்சிட்டி, எந்த வருசம், ஆரிட்டப் படிச்சவன் எண்டு கேள். குழுவுக்கே அனுப்பு, எல்லாரும் பாக்கட்டும்."

இந்தக் கேள்வியைச் செல்வநாயகி அண்ணன் வாயிலிருந்து முன்பே கேட்டிருக்கிறாள். அவளுக்கு இருபத்தைந்து வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பி.ஏ. ஆனந்தராஜா சும்மா இருப்பாரா? பல்கலைக்கழகத்துக்கே கடிதம் போட்டார். பதில் வந்து சேர்ந்தபோது பையனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பட்டம் உண்மைதான். அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களும் அதே மாதிரிதான் போயின. இப்போது அவளுக்கு நாற்பத்தாறு.

அதனால் குழுவுக்கு அனுப்பாமல் அந்த மனிதருக்கு மட்டும் எழுதினாள்: 'அண்ணனுக்குக் கண் சரியில்லை. அவருக்காக எழுதுவது தங்கை செல்வநாயகி. உங்கள் படிப்பைப் பற்றி அறிய அண்ணன் விரும்புகிறார்.'

இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. இங்கிலாந்துக் குளிர், அங்கே படித்த கதை, ஊர் திரும்பி அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டது, ஆறு வருடத்துக்கு முன் மனைவி காலமானது. கடைசியில், 'நீங்களும் ஆசிரியையா?' என்று ஒரு கேள்வி.

"என்னவாம்?" என்றார் அண்ணன்.

"விளக்கம் சொல்ல நேரமில்லையாம்."

"திமிரைப் பார்! எழுது!"

அவர் காரம் கூட்டினார். அவள் சீனி கூட்டினாள். அவள் இனிப்பாக எழுத எழுத, அந்த மனிதர் மனம் விட்டு எழுதினார். அவர் மனம் விட்டு எழுத எழுத, அண்ணனுக்கு வாசித்துக் காட்ட அவள் இன்னும் கடுமையாக ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது.

"குழுவில ஒருத்தனும் வாய் திறக்கிறான் இல்லையே, ஏன்?"

"பயந்திட்டினம் அண்ணை."

பிறகு அவர் புக்கிட் மெர்தாஜாமுக்கே போன் போட்டார். அங்கே இருந்த ஒன்றுவிட்ட அக்கா நல்லம்மாவுக்குத் தெரியாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் மலாயாவில் கிடையாது.

"கெப்பாலா பத்தாஸ் கதிர்காமநாதன் எப்படிப்பட்ட ஆள் அக்கா? படிப்பு மெய்யோ?"

நல்லம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "நல்ல பொடியன் தம்பி! ஆருக்கு விசாரிக்கிறாய், எங்கட செல்விக்கோ?"

ஒருவன் படிப்பையும் குடும்பத்தையும் இன்னொருவர் விசாரித்தால் அவர்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான். செல்வநாயகி சமையலறையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். ஆனந்தராஜா மறுக்கவில்லை. "ம்... ம்..." என்றார். அவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே கெப்பாலா பத்தாஸுக்குச் செய்தி போய்விட்டது. 'உங்கள் அண்ணன் என்னை விசாரித்தாராமே, எனக்கு மிகவும் சந்தோஷம்' என்று வந்தது. அதை எப்படிக் கடுமையாக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நேரில வந்தா எல்லாத்தையும் நிரூபிப்பாராம்" என்று சொல்லிவைத்தாள்.

"வரட்டும்!" என்றார் ஆனந்தராஜா.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவாயிற்று. எல்லாம் வெளியில் வந்துவிடும். அண்ணன் சான்றிதழ் எங்கே என்பார், வந்தவர் மீன் எங்கே என்பார். அண்ணன் 'வரட்டும்' என்ற நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

ஞாயிறு வரை போகவில்லை. வெள்ளிக்கிழமை பேப்பர் வாங்கப் போனவர் சந்தையருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இஸ்மாயில் என்று ஒருவர் தன் கெரெத்தாவில் ஏற்றி, தானே ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செல்வநாயகி போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். சனிக்கிழமை தகனம் முடிந்தது. ஒருவருக்குச் செய்தி சொல்ல அவள் மறந்தே போனாள்.

ஞாயிறு மத்தியானம் வாசலில் இத்தனை செருப்புகளைக் கண்டு அந்த மனிதர் திகைத்து நின்றார். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு கூடை மாம்பழம்.

"மாப்பிள்ளை வந்திட்டார்!" என்றாள் நல்லம்மா, சாவு வீடு என்பதையும் மறந்து. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதிர்காமநாதன் ஆனந்தராஜாவின் படத்தின் முன் மாம்பழக் கூடையை வைத்துவிட்டுச் செல்வநாயகியிடம் திரும்பினார். "என்னட்டை ஏதோ கேக்கத்தான் காண ஆசைப்பட்டிருப்பார். என்ன அது?"

செல்வநாயகி படத்துக்கு முன் எரிந்த விளக்கின் திரியைத் தூண்டினாள். எட்டு மாதம் ஏமாற்றியிருக்கிறாள். கண் சரியில்லாத மனிதரை, அவள் போட்ட தேநீரைக் குறை சொல்லாமல் குடித்த மனிதரை. ஏமாந்தவராகவே போய்விட்டார். இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

சாயங்காலம் இஸ்மாயில் வந்தார். அவள் அவரை வாசலில் தனியாக நிறுத்தினாள்.

"தம்பி, விழுந்தபோது அண்ணை பேப்பர் வாங்கிட்டாரோ?"

"பேப்பரா? சார் விழுந்தது என் கடை வாசல்ல, அங்க பேப்பர் ஏது அக்கா? கம்ப்யூட்டர் கடை லா. சார் தினம் காலையில வந்து உக்காந்து மெயில் படிப்பாரு."

"அவருக்குக் கண்..."

"என்னைவிட நல்லாப் படிப்பாரு. நீங்க அனுப்பினது, அந்த டாக்டர் அனுப்பினது, எல்லாத்தையும். மொத நாள் மட்டும் கோபமா எந்திரிச்சிப் போனாரு. மறுநாள்லேருந்து ஒரே சிரிப்புதான். 'கண்ணுதான் நல்லாருக்கே, நீங்களே எழுதலாமே சார்'னு கேட்டேன். 'நான் எழுதினா மாப்பிள்ளை ஓடிடுவான் இஸ்மாயில். நான் திட்டத் திட்டத்தான் அவ நல்லா எழுதுறா'ன்னாரு."

மாப்பிள்ளையின் சான்றிதழ் ஒரிஜினலை அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.