கூ அண்ணைக்குக் கைதட்டிய நாடு

மொன்றியலில் புகழ்ந்தால் முகம் வாடிப்போகிற ஒரே தமிழர் கூ அண்ணைதான். சாப்பாட்டு இடைவேளையில் யாராவது "அண்ணை, உங்கடை கணவாய்க் கறி நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க ஆள் சோர்ந்துபோவார். திட்டினால்தான் மனிதருக்கு உடம்பில் இரத்தமே ஓடும்.

காரணம் அவருடைய சனிக்கிழமைத் தொழில். வெள்ளி வரைக்கும் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்குவார். கதவில் முட்டினால் கதவிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். சனிக்கிழமை மாலையானால் ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் கறுப்பு முகமூடி போட்ட மல்யுத்த வில்லன். யார் வெல்வது என்று முன்கூட்டியே பேசிவைத்து ஆடுகிற மல்யுத்தம்தான். அண்ணை எப்போதும் தோற்பார். தோற்பதற்கு முன்னால் எதிராளியின் விரலை மிதிப்பார், தலைமயிரைப் பிடித்து இழுப்பார். சனம் கூ அடிக்கும்; அதில் வந்ததுதான் கூ அண்ணை என்ற பெயர். முன்வரிசையில் இருந்து "இறங்கடா கீழ, நாசமாப்போவானே!" என்று அதிகமாகக் கத்துவது அவருடைய மனைவிதான். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் முதுகுக்கு எண்ணெய் பூசிவிடுவார்.

ஒருநாள் இவர்களுடைய குழுவுக்கு ஒரு தூரதேசத்து அரசாங்கம் அழைப்பு அனுப்பியது. விளையாட்டால் நாடுகளுக்கிடையே நட்பு வளர்க்கிறார்களாம். வில்லனுக்கு மனேஜர் வேடம் போட ஆள் தேவைப்பட்டது.

"கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில நிண்டால் காணும், வாடாப்பா" என்றார் அண்ணை.

"அண்ணை, அங்கை வாயைத் திறந்தால் உள்ளுக்குப் போட்டிடுவாங்களாம்."

"ஊரில நாங்கள் பாக்காத ஆமி செக்பொயின்ரே?"

போனேன். நாட்டின் பெயர் வேண்டாம். தலைவர் ஒருவர்தான், படங்கள்தான் எண்ணிலடங்கா. ஹோட்டல் லிஃப்டுக்குள்ளும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். போட்டிக்கு முன் ஓர் அதிகாரி வந்து, தங்கள் நாட்டு வீரர்தான் வெல்ல வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளப் பெண் மூலம் கண்டிப்பாகச் சொன்னார். "அதுக்கென்ன, தோக்கத்தானே வந்தனாங்கள்" என்றார் அண்ணை. உலகத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு ராஜதந்திரப் பேச்சுவார்த்தை முடிந்திருக்காது.

அரங்கம் நிறைந்த சனம். அண்ணை மேடையேறினார். கைதட்டல். எதிராளியின் விரலை மிதித்தார். கைதட்டல். நடுவரை உதைத்தார். அதற்கும் கைதட்டல், எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தினார்கள். கடைசியில் எதிராளியின் முதுகில் ஏறி இருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். அதற்குத்தான் ஆகப்பெரிய கைதட்டல்.

அண்ணை மூலைக்கு ஓடிவந்தார். முகமூடிக்குள் கண் கலங்கியிருந்தது. "என்னடா இது? செத்தவீட்டிலயும் இதைவிட உயிர் இருக்குமே!"

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளப் பெண்ணிடம் கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "விருந்தாளிகளை அவமதிக்கக் கூடாது என்று உத்தரவு."

அந்த நேரத்தில்தான் மூன்றாம் வரிசையில் ஒரு தடித்த மனிதர், தன்னை மறந்து, எழுந்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூ அடித்தார். ஒரேயொரு கூ. கறுப்புக் கோட் போட்ட இருவர் அவரை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். மனிதர் அப்படியே கதிரையில் சரிந்தார். பக்கத்தில் இருந்த மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணை கயிற்றைத் தாண்டிக் குதித்தார். கறுப்புக் கோட்டுகளுக்கு முன்பே மூன்றாம் வரிசைக்குப் போய்ச் சேர்ந்து, பதினொரு வருடம் சனத்துக்கு முன்னால் கழற்றாத முகமூடியைக் கழற்றினார். வியர்த்து, நரைத்து, பயந்துபோன ஒரு சாதாரண முகம். அந்த மனிதரைக் கும்பிட்டார். பிறகு மைக்கை வாங்கித் தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில் ஒரு முழுப் பொய் சொன்னார்: "இவர் எங்களுடைய ஆள். கூ அடிக்கச் சொன்னதே நான்தான். எங்கள் வழக்கத்தில் கூ என்றால் மாலை போடுவது மாதிரி."

மொழிபெயர்ப்பாளப் பெண் அந்த மனைவியைப் பார்த்தார். பிறகு அண்ணை சொன்னதைப்போல மூன்று மடங்கு நீளத்துக்கு மொழிபெயர்த்தார். கூ அடிக்காமல் விட்டால்தான் விருந்தாளிக்கு அவமானம் என்று தன் பங்குக்கும் சேர்த்துவிட்டதாகப் பிறகு விமான நிலையத்தில் என்னிடம் சொன்னார்.

மேல்மாடத்தில் அதிகாரி யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். மெல்ல எழுந்து, கையைக் குவித்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு கூ அடித்தார்.

அவ்வளவுதான், கூரை பிய்ந்தது. கைதட்டலை எங்கே நிறுத்துவது என்று அந்தச் சனத்துக்குத் தெரியும். கூவை நிறுத்த யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கறுப்புக் கோட்டுகளும் நின்ற இடத்தில் நின்று கூ அடித்தன. மூன்றாம் வரிசை மனிதர் அழுதபடி கூ அடித்தார். அண்ணை மேடைக்குத் திரும்பி, வெறுமுகத்தோடு, ஆனந்தமாகத் தோற்றார்.

திரும்பி வரும்போது விமானத்தில் அவரை வாயாரப் பாராட்ட எனக்கு ஆசை. ஆனால் அவர் சாப்பாட்டையே தொடவில்லை.

"அந்த மனுசன் வீட்டை போய்ச் சேந்திருப்பானே?" என்றார்.

"சேந்திருப்பார் அண்ணை."

இப்போது வேலையை விட்டுவிட்டு மொன்றியலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில் மகளோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகளிடம் பிரெஞ்சில் திட்டு வாங்கி மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார். மாதத்துக்கு ஒரு தடவையாவது போன் எடுத்து, அது இது என்று கதைத்துவிட்டு, வைக்கிற நேரத்தில் அதே கேள்வியைக் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும், "ஓம் அண்ணை, அண்டைக்கே போய்ச் சேந்து, சாப்பிட்டுப் படுத்திருப்பார்" என்றுதான் சொல்வேன். வைத்த பிறகு, அது உண்மையாக இருக்கவேண்டுமே என்று கூ அண்ணைக்காகச் செபிப்பேன்.