மஞ்சூர் பஸ்ஸில் வளர்ந்த தோள்

அரைகுறையாகக் கற்றவனுக்கு வரும் தைரியம் முழுதாகக் கற்றவனுக்கு வராது. முப்பத்திரண்டு வயதில் எனக்கு அந்தத் தைரியம் ஏராளமாக இருந்தது.

இரண்டு மாதம் வீடியோ பார்த்து, பங்கு விலை இறங்கப்போவதை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கும் வித்தையைக் கற்றிருந்தேன். (அப்படி நினைத்திருந்தேன்.) அதில் எனக்குப் பிடித்தது ‘தலையும் தோள்களும்’. கோடு மூன்று முறை ஏறி இறங்கும். நடுவில் உயரமாகத் தலை, இரண்டு பக்கமும் குட்டையாகத் தோள்கள். அடியிலுள்ள கழுத்துக்கோட்டை உடைத்துக்கொண்டு விலை இறங்கினால் பெரிய சரிவு வரும் என்பார்கள். உடையும்வரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த இடத்தில் நான் வீடியோவைத் தள்ளி ஓட்டிவிட்டேன்.

அன்று மஞ்சூரில் மச்சினனுக்கு நிச்சயதார்த்தம். ஜெகதளாவில் வீட்டைப் பூட்டும்போது, ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கில் வலது தோள் உருவாவதைப் பார்த்தேன். கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, விலை இறங்கியதும் அன்றைக்கே வாங்கி நேர்செய்யும் வியாபாரம் ஒன்று உண்டு. மனைவி கவிதாவின் பி.எட். படிப்புக்கு வைத்திருந்த பணத்தை ஈடாக வைத்து, அதைப்போல் பல மடங்குக்கு விற்றேன். அவளிடம் சொல்லவில்லை.

பஸ் மலைப்பாதையில் ஏறியதும் என் போனில் சிக்னல் போய்விட்டது.

“ஏனுங்க, இந்தக் குளுருல உங்களுக்கு வேர்க்குது?” என்றாள் கவிதா.

முன் சீட்டில் ஓர் அக்கா போனில் பேசிக்கொண்டு வந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர், பெயர் புஷ்பம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவர் பேசி முடித்ததும், “அக்கா, உங்க நெட்டைக் கொஞ்சம் தர்றீங்களா? அவசரம்” என்றேன்.

“யாருக்காச்சும் சீரியஸுங்களா?”

“எனக்குத்தானுங்க.”

ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார். வலது தோள் தோளாக நிற்காமல் தலையையும் தாண்டி வளர்ந்திருந்தது. உடனே வாங்கி முடிக்கப் போனேன். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்ப, விரல் மறுபடியும் விற்கும் பட்டனில் விழுந்தது. நஷ்டம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. எனக்குக் கண் கலங்கியது. (கேவிக் கேவி அழுதேன் என்பது கண்டக்டரின் கட்சி.)

கவிதா போனை வாங்கிக்கொண்டாள். “எதை அமுக்கோணும்?”

“நீல பட்டன்.”

நிதானமாக அமுக்கி முடித்தாள். “என்ற பி.எட். படிப்புக் காசுங்களா?”

தலையாட்டினேன். பாதிதான் மிஞ்சியிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

புஷ்பம் அக்கா பையிலிருந்து ஆளுக்கொரு வர்க்கி பிஸ்கட் எடுத்து நீட்டினார். “என்ற பொண்ணு கவர்மெண்ட்டு காலேஜுலதான் பி.எட். படிக்கறா கண்ணு. பீஸ் கம்மிதான். இன்னும் அப்ளிகேஷன் குடுக்கறாங்களாம், வேணா நம்பர் தர்றேன்” என்றார் கவிதாவிடம்.

மிஞ்சிய பணத்தில் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்து, கவிதா இன்று டீச்சர்.

எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் புஷ்பம் அக்கா இல்லாமல் நடப்பதில்லை. வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, “என்ற நெட்டுல அழுத தம்பி இவருதானுங்க” என்று அறிமுகம் செய்துவைப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பந்தியில் முதல் இலையை அவருக்குப் போடுவேன்.