சாமிக் கிடாயும் திறக்காத வாயும்

தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் காலை வேலைக்குப் பேர் வாசித்து முடித்த கையோடு கங்காணி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“தம்பையா, ஒன்னைப் பொலிஸ்ல வரச் சொல்லியிருக்காங்க.”

“எதுக்குங்க?”

“போனாத் தெரியும்.”

எதுக்கு? அந்த ஒற்றைக் கேள்வியைச் சுமந்துகொண்டு தம்பையா லயத்துக்கு ஓடினான்.

அவனுக்குத் தெரிந்து அவன் செய்த ஒரே குற்றம் கிடாய்தான். மகளுக்குக் காய்ச்சல் இறங்கினால் முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுவதாக அவன் பெண்சாதி கருப்பம்மா நேர்ந்துகொண்டாள். காய்ச்சலும் இறங்கிவிட்டது. கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிக் கிடாயை அவிழ்த்து விட்டார்கள். சாமிக்கு நேர்ந்ததை மடுல்சீமைப் பக்கம் யாராவது கை ஓங்கி விரட்டுவார்களா? அது பாட்டுக்குத் துரை பங்களாவுக்குள் போய், ரோசாச் செடிகளை ஒன்று விடாமல் மேய்ந்துவிட்டது. “ஆட்டுக்காரன் எவன்னு தெரியட்டும், லயத்தை விட்டே துரத்துறேன்!” என்று வெள்ளைத்துரை குதித்தார். அன்றைக்கே கிடாயையும் காணோம். மூன்று நாளாகிறது. வெள்ளிக்கிழமை பூசை. கருப்பம்மா சோறு தண்ணி இல்லாமல்தான் கொழுந்தெடுக்கப் போகிறாள்.

லயத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பிராவில் குடியிருக்கும் வீரய்யா விஷயத்தைக் கேட்டான். வேலிச் சண்டை, சேவல் சண்டை என்று பதுளைக் கோட்டுக்கு ஏழு தடவை ஏறி இறங்கியவன். தோட்டத்தில் அவனுக்கு ‘அரை லோயர்’ என்று பேர்.

“வாயத் தொறந்தே, தொலைஞ்சே. லோயர் பக்கத்துல இல்லாம பொலிஸ்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“பேரு கேட்டா?”

“பேருல இருந்துதான் வில்லங்கமே ஆரம்பிக்குது.”

“லோயருக்கு நான் எங்கண்ணே போவேன்?”

“அதான் நான் கூட வாறேனே!”

எப்பேர்ப்பட்ட மனுசன்! பாவம், தம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பொலிஸ் வாசலில் கான்ஸ்டபிள் அலவி, “வாங்க வீரய்யா, வாங்க” என்று வாங்குப் பலகையைத் தட்டி உட்கார வைத்தார். என்ன செல்வாக்கு என்று தம்பையா அசந்துபோனான்.

சார்ஜன் ஜுனைதீன் நல்ல மனுசர். மலாய்க்காரர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

“நீதான் தம்பையாவா?”

தம்பையா கூரையைப் பார்த்தான்.

“காது கேக்காதா?”

கேட்கும் என்று தலையாட்டப் போனான். வீரய்யா இருமினான். தலை பாதியில் நின்றது.

“சரி, டீயக் குடி.”

“குடிக்காதே. ஒத்துக்கிட்டான்னு எழுதிப்புடுவாங்க” என்று வீரய்யா காதைக் கடித்தான்.

சார்ஜனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டுக்கொண்டார். “அலவி, பின்னால கட்டியிருக்கிறத அவுத்துட்டு வாங்க.”

வந்தது கிடாய்! மஞ்சள் துணி அப்படியே கழுத்தில் இருந்தது. தம்பையாவைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடி வந்து அவன் சட்டை நுனியை மெல்லத் தொடங்கியது. எங்கே போயிருந்தது? யார் கொண்டுவந்தார்கள்? இத்தனை ரோசா தின்றும் ஏன் இளைத்திருக்கிறது? கேட்க நாக்கு அரித்தது. ஆனால் கேட்பதும் பேச்சுத்தானே! பல்லைக் கடித்துக்கொண்டான்.

“யாரோ புடிச்சிக் குடுத்திருக்காங்க. டீக்கடை ஹாஷிம் நானா இது ஒன்னோடதுங்கிறார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, ஓட்டிக்கிட்டுப் போ.”

ஓட்டிக்கிட்டுப் போவதா? தம்பையாவின் வாய் திறந்தேவிட்டது.

“பொறி வைக்கிறாங்கடா!” என்று மறுபடியும் காதோடு சொன்னான் வீரய்யா. “ஆமான்னா ரோசாச் செடி கேசு. லயம் போச்சு.”

திறந்த வாயிலிருந்து, “லோயர் வரட்டும்” என்று வந்தது.

“ஆட்டோட அடையாளமாவது சொல்றியா?”

“லோயர் வரட்டும்.”

“சட்டையத் தின்னுதேப்பா, அதையாவது புடிச்சி இழு.”

தம்பையா அசையவில்லை. இரண்டு பொத்தான்கள் கிடாய்க்குள் போயின.

அந்த நேரம் பார்த்துக் கருப்பம்மா, சேதி கேட்டு, கொழுந்துக் கூடையும் முதுகுமாய் மலையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். கிடாயைக் கண்டாள். “ஐயோ, எங்க...” என்று தொடங்கினாள். தம்பையா தலைத்துண்டை உருவி அவள் வாயைப் பொத்தினான்.

“பொண்டாட்டிக்கும் லோயரா?” சார்ஜன் எழுந்தே விட்டார். “இருபது வருச சர்வீஸ்ல எத்தனையோ களவாணிங்களப் பாத்திருக்கேன். தன் பொருளைத் தன்னுதுன்னு சொல்லாத களவாணிய இன்னைக்குத்தான் பாக்குறேன். கடைசியாக் கேக்குறேன், இது ஒன்னோடதா, இல்லையா?”

கருப்பம்மா துண்டுக்குள் திமிறினாள். கிடாய் மூன்றாவது பொத்தானைத் தேடியது. தம்பையா வீரய்யாவைப் பார்த்தான். வீரய்யா கண்ணை மூடி, மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

“லோயர் வரட்டும்” என்றான் தம்பையா.

சார்ஜன் பெருமூச்சு விட்டார். “சொந்தக்காரன் இல்லைன்னு எழுதி, புடிச்சிக் குடுத்தவங்ககிட்டயே குடுத்துடுங்க அலவி.”

கான்ஸ்டபிள் அலவி புத்தகத்தைத் திருப்பி, பேனாவை வாங்குப் பக்கம் நீட்டினார்.

“வந்து கையெழுத்துப் போடுங்க வீரய்யா. சாமிக் கிடாய நாமளாத் தொட்டாப் பாவம், கவர்மெண்டே எழுதிக் குடுத்தா கறி வைக்கலாமான்னு நேத்து புடிச்சிக்கிட்டு வந்து கேட்டீங்களே, இந்தாங்க, எழுதியாச்சு!”