சாலை வேலை நடக்கும் வழியில் ஒரு பரீட்சை

ஒரு வீட்டில் இரண்டு லைசென்ஸ் இருக்கலாம். கார் ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் வம்பு.

என் மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஊரின் மறுகோடி. லைசென்ஸ் வாங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

"திங்கக்கிழமையில இருந்து கார் எனக்கு வேணுங்க. உங்க ஆபீஸ் வாசல்லயே பஸ் நிக்குதே."

இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் நான். என் உடம்பின் வடிவத்துக்கே பள்ளம் விழுந்த சீட் அது. அதை விடுவதா? ஆனால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. (எந்தப் புருஷனுக்காவது இருந்தால் முகவரி அனுப்பவும். நேரில் வந்து காலில் விழுகிறேன்.)

ஆகவே சூழ்ச்சி. ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரிய ரோட்டில் மேம்பாலம் கட்டுகிறோம் என்று மூன்று மாதமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் ஒருதரம் ஓட்டவிட்டால் போதும், பொக்லைனைப் பார்த்ததுமே சாவியை என் கையில் திணித்துவிடுவாள். பெண்டாட்டிக்குக் குழி பறிக்க நினைத்தேன். அவர்கள் பறித்தே வைத்திருந்தார்கள்!

சனிக்கிழமை காலை ஆரம்பித்தேன். "சின்னப் பரீட்சை. அந்த ரோட்டுல ஓட்டிக் காட்டு. பாஸானா சாவி உனக்கு."

"ஃபெயிலானா?"

"பஸ் நம்பரை நானே எழுதித் தர்றேன்."

சிரித்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

'வேலை நடைபெறுகிறது' என்ற முதல் மஞ்சள் பலகை தென்பட்டதும் வேகத்தைக் குறைத்தாள். பகல் வெளிச்சத்தில் ஹெட்லைட்டைப் போட்டாள்.

"இன்னும் வேலை நடக்கிற இடமே வரலை. அதுக்குள்ள என்ன மெதுவு?"

"வந்தப்புறம் திடீர்னு மெதுவாப் போனா, பின்னாடி வர்றவன் நம்ம டிக்கியில வந்து உட்கார்ந்துடுவான்."

இரண்டு வரிசை ஒன்றாகக் குறுகுமிடத்தில் முன்கூட்டியே சிக்னல் போட்டு ஒதுங்கினாள். முன்னால் போன லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பஸ்ஸை நிறுத்தலாம்.

"இவ்வளவு இடம் விடுறியே, பிளாட் போட்டு விக்கப் போறியா?"

"விக்கலைங்க. பிரேக்குக்கு வாடகைக்கு விட்டிருக்கேன்."

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "உங்க அக்கா போன் பண்றாங்க. பேசுறியா?"

"ரோடு தாண்டினப்புறம் பேசிக்கிறேன்."

அக்காவையே காக்க வைத்துவிட்டாள்! இவள் சாதாரணப் பெண் இல்லை என்று எனக்கு அப்போது உறைத்தது.

அடுத்த நொடி, புழுதியோடு ஒரு காற்று அடித்தது. ஆரஞ்சு கூம்புகளுக்கு அந்தப் பக்கம் நின்ற நரைத்த மீசைக்காரர் ஒருவரின் தலைக்கவசம் பறந்து ரோட்டில் உருண்டது. அதைப் பிடிக்க, குனிந்தபடியே நேராக எங்கள் வண்டிக்கு முன்னால் ஓடி வந்தார் மனிதர்.

நான் "ஐயோ!" என்று கத்தி, என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்தேன். அவள் தன் பக்கம் இருந்த பிரேக்கை ஏற்கனவே மிதித்திருந்தாள். கார் குலுங்காமல் நின்றது. அவருக்கும் பம்பருக்கும் நடுவே தாராளமாக இரண்டு ஆள் நீளம்.

தலைக்கவசத்தோடு நிமிர்ந்தவருக்கு எங்களைப் பார்த்தபிறகுதான் முகம் வெளுத்தது. அவள் கண்ணாடியை இறக்கினாள். "தொப்பி போனா வேற கிடைக்கும்ணே. பார்த்து வாங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த சீட்டில் நான் இருந்திருந்தால்? நான் வழக்கமாக விடுகிற இடைவெளியில் ஒரு பூனை நுழைந்தாலே அதிகம். அதற்குமேல் நினைக்கப் பயமாக இருந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையும் அசையாமல் இருந்தன. இத்தனை வருஷம் இவளை ஒதுங்கச் சொல்லி நானல்லவா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன்!

"பாஸ்," என்றேன்.

சற்றுத் தள்ளி, சிவப்பும் பச்சையுமாகக் கொடி பிடித்து வண்டிகளை விட்டுக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "என்னக்கா, இன்னைக்குத் துணைக்கு ஆளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உன்னை எப்படித் தெரியும் இந்தப் பொண்ணுக்கு?"

"இருபது நாளா தினமும் இங்கதான் ஓட்டிப் பழகுறேன். நீங்க வாக்கிங் போறேன்னு பார்க் பெஞ்சில தூங்குற நேரத்துல."

அவள் காரையும் ஓட்டினாள், என்னையும் ஓட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுத் திரும்பும்போது சாவியை நீட்டினாள். "இப்ப நீங்க ஓட்டுங்க. அனுபவஸ்தர் எப்படி ஓட்டுறார்னு பார்த்துக்கிறேன்."

அனுபவஸ்தர்! அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

வேலை நடக்கும் அதே இடத்தில் நாற்பது வண்டிகள் வரிசையில் நின்றன. பக்கத்து வரிசை காலி. திருப்பினேன்.

"என்னங்க, அது மூடின வழி."

"திறமை இருந்தா எல்லாமே வழிதான்."

நாற்பது வண்டியையும் தாண்டிப் பறந்தேன். முடிவில் கூம்புகள். கூம்புகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்தின் மேல் பொக்லைனின் கை தொங்கியது. வரிசையில் நுழையப் பார்த்தேன். ஒருவன்கூட ஓர் அங்குலம் தரவில்லை. வழி கேட்கப் போய் வழிந்துகொண்டு நின்றேன். பொக்லைன்காரர் இறங்கி வந்தார். விசில் ஊதிக்கொண்டே மேஸ்திரி வந்தார். பக்கத்து லாரி டிரைவர் ஜன்னல் வழியே என் வம்சத்தை விசாரிக்க ஆரம்பித்தார்.

என் மனைவி நிதானமாகக் கண்ணாடியை இறக்கினாள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. இவர் இப்பத்தான் கத்துக்கிறாரு."

அத்தனை முகமும் கனிந்துவிட்டது. கொடிக்காரப் பெண் ஓடி வந்து, எனக்காக இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி காட்டினாள். நாற்பது வண்டியும் பொறுமையாகக் காத்திருந்தன. லாரி டிரைவர், "பதறாதீங்க சார். கிளட்சை மெதுவா விடுங்க. ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான்," என்றார்.

மெதுவாக விட்டேன். வண்டி இருமிவிட்டு அணைந்தது.

கொடிக்காரப் பெண் என்னைத் தாண்டி என் மனைவியிடம் ஆறுதலாகச் சொன்னாள்:

"கவலைப்படாதீங்கக்கா. பாலம் முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள கத்துக்குவாரு."